பொட்டலத்தில் அதிர்ஷ்டமா?

கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து ஒரு சாமானை வாங்குகின்றவன், தான் வாங்குவது இன்னது, அதன் அளவு இவ்வளவு, அதன் விலை இவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் உலக வழக்கம். அரிசி வாங்குகின்றவன் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கின்றான். கத்தரிக்காய் வாங்குகின்றவள் காம்பைத் திருப்பிப் பார்க்கின்றாள். மாடு பிடிக்கின்றவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். இப்படிப் பார்க்காமல் வாங்கி வருகின்றவனை ஊரார் ஏமாளி என்று சொல்லி நகைக்கின்றார்கள்.

ஆனால் ஒரு வியாபாரம் இருக்கின்றது. அதில் சாமானைப் பார்க்கக் கூடாது; பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது; உள்ளே என்ன இருக்கின்றதென்று கடைக்காரனைக் கேட்டாலும் அவனுக்கும் தெரியாது; பணத்தை மாத்திரம் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். இது சந்து மூலையில் ஒளிந்து நடக்கும் வியாபாரம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஜப்பானிலும் பெரிய கடைகளில், பட்டப்பகலில், பெரும்பாலும் சிறுவர்களையும் வாலிபர்களையும் எதிர்பார்த்து நடக்கின்றது. நம் நாட்டுப் பட்டணங்களின் பொம்மைக் கடைகளிலும் அந்தப் பொட்டலங்கள் தொங்குகின்றன. அதுதான் கார்டு விளையாட்டுக்களின் ‘பூஸ்டர்’ பொட்டல வியாபாரம்.

“விளையாட்டுச் சாமானைப் பற்றிக்கூட உங்களுக்கு ஒரு வியாசமா?” என்று சிலர் கேட்கக்கூடும். ஜோசியன் பெரியவர்களின் அறிவை மாத்திரந்தான் மழுங்க வைக்கின்றான். இந்தப் பொட்டலமோ பத்து வயதுப் பையனின் கையில், அவன் தகப்பன் காசைக் கொண்டே, ‘அதிர்ஷ்டம்’ என்னும் பொய்யைக் கொண்டுபோய் வைக்கின்றது. ஆகையால் இதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பது நமது கடமையென்றே கருதுகின்றோம்.

விளையாட்டு வேறு, வியாபாரம் வேறு

1993ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் கார்பீல்டு என்னும் கணித சாஸ்திரி. வெளியிட்டது ‘விஸார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்’ என்ற கம்பெனி. நம் ஊர்ச் சீட்டுக்கட்டில் எல்லாரும் ஒரே 52 சீட்டை வைத்து ஆடுகின்றார்கள். இதிலோ ஒவ்வொருவனும் தன்னிடமுள்ள கார்டுகளில் தனக்கு வேண்டியவற்றைப் பொறுக்கித் தனக்கென்று ஒரு கட்டு அமைத்துக் கொள்ளுகின்றான். யோசனையும், கணக்கும், எதிராளியின் மனதை அறிவதும் இதற்கு வேண்டும். விளையாட்டு நல்ல விளையாட்டு என்பதை நாம் தாராளமாக ஒப்புக்கொள்ளுகின்றோம். நமது சண்டை விளையாட்டின்மேல் அல்ல. அதை விற்கின்ற முறையின்மேல்தான்.

முதல் பதிப்பில் அச்சடித்த 26 லட்சம் கார்டுகளும் வெகு சீக்கிரத்தில் விற்றுத் தீர்ந்தன. 1996இல் ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்டுகள் பிறந்தன. 1999இல் இதே கம்பெனி அவற்றை இங்கிலீஷில் அச்சிட்டு அமெரிக்காவில் விற்றது. அந்த வருஷத்திலேயே ‘ஹாஸ்ப்ரோ’ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி இந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிவிட்டது. 2022இல் ‘மேஜிக்’ ஒன்றில் மாத்திரம் ஹாஸ்ப்ரோவுக்கு வந்த வரும்படி 100 கோடி டாலரைத் தாண்டியது. காகித அட்டையில் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

பொட்டலத்தின் உள்ளே

வெகு காலம் ஒரு பூஸ்டர் பொட்டலத்தில் 15 கார்டுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ‘காமன்’ என்னும் சாதாரணக் கார்டுகள். மூன்று ‘அன்காமன்’, அதாவது கொஞ்சம் அபூர்வமானவை. ஒன்றே ஒன்று ‘ரேர்’, அதாவது அபூர்வக் கார்டு. இது போதாதென்று 2008இல் ரேருக்கும் மேலே ‘மித்திக் ரேர்’ என்று இன்னொரு படியை ஏற்படுத்தினார்கள். எட்டுப் பொட்டலத்துக்கு ஒன்று வீதம்தான் அது அப்போது கிடைத்தது. அதிலும் எந்த மித்திக் ரேர் என்பது தெரியாது.

இந்த அபூர்வம் எங்கிருந்து வந்தது? தங்கம் பூமியில் குறைவாகக் கிடைக்கின்றது. ஆகவே அபூர்வம் என்கின்றோம். முத்துக்குளிக்கிறவன் உயிரைக் கொடுத்து மூழ்க வேண்டும்; ஆகவே முத்து அபூர்வம். ஆனால் இந்தக் கார்டுக்கு என்ன வந்தது? சாதாரணக் கார்டுக்கும் அபூர்வக் கார்டுக்கும் காகிதம் ஒன்று, மை ஒன்று, அச்சாபீஸ் ஒன்று, அச்சடிக்கின்ற தொழிலாளியின் கூலியும் ஒன்று. ஒரு கார்டை ஆயிரம் அடிக்கின்ற செலவில் மற்றக் கார்டையும் ஆயிரம் அடிக்கலாம். கம்பெனிக்காரன் “இதைக் குறைவாக அடி” என்று உத்திரவு போட்டான், அது அபூர்வமாயிற்று. “இதை நிறைய அடி” என்றான், அது சாதாரணமாயிற்று. இயற்கையில் இல்லாத பஞ்சத்தை உத்திரவினால் உண்டாக்கி, அந்தப் பஞ்சத்தைப் பொட்டலத்தில் கட்டி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம்.

கணக்கைப் பார்ப்போம்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் எவனும் போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கின்றது. 2008இல் வந்த ‘ஷார்ட்ஸ் ஆப் அலாரா’ என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுவோம். அதில் ரேர் கார்டுகள் 53; மித்திக் ரேர் 15. கார்டுகளை 121 கொண்ட பெரிய தாளாக அச்சடித்து வெட்டுவது வழக்கம். 53 ரேர்களை இரண்டிரண்டு தரமும், 15 மித்திக்குகளை ஒவ்வொரு தரமும் வைத்தால் 106ம் 15ம் சேர்ந்து சரியாக 121 ஆகின்றது. அதாவது, நீங்கள் விரும்புகின்ற குறிப்பிட்ட ஒரு மித்திக் கார்டு 121 பொட்டலத்துக்கு ஒன்று வீதம் வரும்.

அப்போது பொட்டலம் ஏறக்குறைய 4 டாலர். 121 பொட்டலத்துக்கு 484 டாலர். அந்தப் பொட்டலங்களில் மொத்தம் 1,815 கார்டுகள் இருக்கும். வேண்டிய கார்டு ஒன்று. வேண்டாமலே கூட வருகின்றவை 1,814. இதோடு முடிந்ததா? விளையாட்டின் விதிப்படி ஒரே கார்டை ஒரு கட்டில் நான்கு வரை வைத்துக்கொள்ளலாம். ஜெயிக்க விரும்புகின்றவன் நான்கையும் தேடுவான். நான்கு கார்டுக்குச் சராசரி 484 பொட்டலம்; பணம் 1,936 டாலர்; கார்டு 7,260. நாலு கார்டுக்காக ஒரு மூட்டை அட்டையை வீட்டுக்குச் சுமந்து வர வேண்டும்.

‘சராசரி’ என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. 121க்கு ஒன்று என்றவுடன், 121 பொட்டலம் வாங்கினால் ஒன்று கட்டாயம் கிடைத்துவிடும் என்று நினைத்துக் கொள்ளுகின்றார்கள். பொட்டலங்கள் நன்றாகக் கலக்கப்பட்டு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஆளுக்கு 121 பொட்டலம் வாங்கின 100 பேரில் சுமார் 37 பேருக்கு அந்தக் கார்டு ஒன்றுகூடக் கிடைக்காது. விடாமல் இன்னும் ஒரு மடங்கு, அதாவது 242 பொட்டலம் வாங்கினாலும், 100க்குச் சுமார் 13 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 968 டாலர் கொடுத்தவன் ஒருவன் கிடைக்காமல் நிற்க, 4 டாலர் கொடுத்தவன் ஒருவன் முதல் பொட்டலத்திலேயே எடுத்துக்கொண்டு போவான். ஊரெல்லாம் எவன் பேச்சு பேசப்படும்? எடுத்தவன் பேச்சுத்தான். எடுக்காதவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளுகின்றான். அவன் மௌனமே கம்பெனிக்கு இலவச விளம்பரமாகின்றது.

கைராசி என்னும் மூடநம்பிக்கை

இந்த இடத்தில்தான் மனிதன் அறிவைக் கழற்றி வைக்கின்றான். “இத்தனை பொட்டலத்தில் வரவில்லை, இனி அடுத்ததில் வந்தே தீரும்” என்கின்றான் ஒருவன். “என் தம்பி கையால் எடுத்தால் வரும், அவன் கைராசிக்காரன்” என்கின்றான் இன்னொருவன். பெட்டியின் அடியிலிருந்து எடு, நடுவிலிருந்து எடு என்று மூன்றாமவன் சாஸ்திரம் பேசுகின்றான். அமெரிக்கர் என்றாலும், ஜப்பானியர் என்றாலும், சர்வகலாசாலையில் படித்தவர் என்றாலும் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. மை அடித்த அட்டைக்கு உங்கள் தம்பியின் கை எப்படித் தெரியும்? முன்பு பிரித்த 120 பொட்டலத்தில் வரவில்லை என்பது 121வது பொட்டலத்துக்கு யார் போய்ச் சொன்னது? அது உங்கள் கைக்கு வருவதற்கு வெகு நாளைக்கு முன்பே ஆலையில் ஒட்டி முடிந்துவிட்டது. அதற்குள் இருப்பது இருக்கின்றது; இல்லாதது இல்லை.

கைராசியை நம்பாமல் தராசை நம்பினவர்கள் சிலரும் உண்டு. 1999 முதல் வந்த பழைய போக்கிமான் பொட்டலங்களில் மினுமினுப்புப் பூச்சுள்ள கார்டு இருந்தால் எடை ஒரு துளி அதிகமாக இருந்தது. நாணயமற்ற வியாபாரிகள் துல்லியமான தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கனமானதைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, கனமில்லாததைப் பிள்ளைகளுக்கு விற்றார்கள். பையன் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தைத் தொட்டபோது, வியாபாரி தராசு முள்ளைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

லாபம் யாருக்கு?

பொட்டலம் கட்டுகின்றவனுக்கு உங்கள் அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கவலையே இல்லை. நல்ல கார்டு வந்தாலும், வராவிட்டாலும், அவன் பணம் அவனுக்கு வந்துவிட்டது. சில்லறைக் கடைக்காரன் என்ன செய்கின்றான் என்பதையும் கவனியுங்கள். ஒரு பெட்டிக்கு 36 பொட்டலம் என்பது பல வருஷம் வழக்கமாக இருந்தது. பெட்டியைப் பிரித்துக் கார்டுகளைத் தனித்தனியே விற்றால் பெட்டி விலைக்குமேல் கிடைக்கும் என்று தோன்றினால், கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாய்ப் பிரித்து விற்கின்றார்கள். விற்க விற்கத் தனிக் கார்டின் விலை இறங்குகின்றது. பிரிப்பதில் லாபமில்லை என்கின்ற அளவுக்கு இறங்கினவுடன் நிறுத்திவிடுகின்றார்கள். ஆகவே, கிடைக்கக்கூடிய பெட்டி எதையும் வாங்கிப் பிரிப்பதில் சாதாரண ஆளுக்கு லாபம் மிஞ்சவே மிஞ்சாது. மிஞ்சுமானால் கடைக்காரன் அதை உங்களுக்கு விற்பானா? தானே பிரித்துக்கொள்ள மாட்டானா?

பொட்டலத்தின் விலையும் சும்மா நிற்கவில்லை. வெகு நாள் 4 டாலரை ஒட்டி இருந்தது. 2019இல் கம்பெனி, “இன்ன விலைக்கு விற்கலாம்” என்று தான் சிபாரிசு செய்து வந்ததையே நிறுத்திவிட்டது. 2024இல் ஒரு புதுவிதப் பொட்டலம் வந்தது; விளையாட்டுக்குரிய கார்டு 15 என்பது 14 ஆயிற்று. 2025இல் மறுபடியும் விலை சொன்னார்கள். அது 5 டாலர் 49 சென்ட். அதே வருஷம் வேறொரு கம்பெனியின் புகழ்பெற்ற கதையைச் சேர்த்து அச்சடித்த வரிசைக்கு 6 டாலர் 99 சென்ட். 2019 முதலே சேகரிப்பவர்களுக்கென்று தனிப் பொட்டலமும் பல மடங்கு விலையில் வருகின்றது. விளையாட்டு ஒன்றுதான், படியேறுவது விலை மாத்திரமே.

2022இல் நடந்ததை மறக்கக் கூடாது. விளையாட்டுக்கு முப்பதாவது ஆண்டு விழா என்று சொல்லி, பொட்டலத்துக்கு 15 கார்டு வீதம் நான்கு பொட்டலத்தைப் பழைய கார்டுகளின் நகல்களால் நிரப்பி, 999 டாலர் விலை வைத்தார்கள். 60 கார்டுக்கு 999 டாலர். அந்தக் கார்டுகளைப் போட்டிகளில் ஆடவும் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆடக்கூடாத ஆட்டக் கார்டுக்கு ஆயிரம் டாலர் என்றால், அவர்கள் விற்றது விளையாட்டையா, ஆசையையா?

2023இல் இன்னொரு வேடிக்கை. உலக முழுமைக்கும் ஒரே ஒரு மோதிரக் கார்டை அச்சடித்து, ஏதோ ஒரு பொட்டலத்துக்குள் வைத்துவிட்டதாக விளம்பரம் செய்தார்கள். அது கனடா தேசத்தில் ஒருவர் கையில் அகப்பட்டது. போஸ்ட் மலோன் என்ற பாட்டுக்காரர் அதை வாங்கினார். விலை ஏறக்குறைய 20 லட்சம் டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கண்டெடுத்தவர் ஒருவர். அதே ஆசையில் பொட்டலம் பிரித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரைப் பத்திரிகைகள் எழுதவில்லை. எழுத இடமும் போதாது.

சமாதானங்களும் நமது பதிலும்

முதலாவதாக, “இது சூதாட்டமல்ல, சூதாட்டத்தில் தோற்றவனுக்கு ஒன்றுமில்லை, இதில் எப்போதும் 15 கார்டு கிடைக்கின்றதே” என்கின்றார்கள். பெட்டிக்கடையில் சீட்டுக் கிழிக்கின்ற பையனுக்கு ஒரு மிட்டாயாவது கொடுத்து அனுப்புகின்றார்கள். மிட்டாய் கொடுத்ததனால் அது சீட்டுக் கிழிப்பு அல்லாமல் போய்விட்டதா? பையன் காசு கொடுத்தது மிட்டாய்க்கா, மேலே தொங்கும் கடிகாரத்துக்கா?

இரண்டாவதாக, கோர்ட்டைக் காட்டுகின்றார்கள். அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படக் கார்டுப் பொட்டலங்களைச் சூதாட்டமென்று சொல்லிப் பலர் வழக்குப் போட்டார்கள். 1998இலும் 2002இலும் அங்குள்ள மேல் கோர்ட்டுகள் அவற்றைத் தள்ளிவிட்டன. வாங்கினவனுக்குச் சொத்து நஷ்டம் ஒன்றுமில்லை. கார்டுகளும், அவற்றோடு அபூர்வக் கார்டு வரலாம் என்கின்ற ஒரு வாய்ப்பும் அவன் பேரம் பேசினபடியே கிடைத்துவிட்டன என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். நாம் சட்டப் பண்டிதர்களல்ல. ஆனாலும் இதைப் படித்தவுடன் நமக்குத் தோன்றுவது ஒன்றுதான். விற்பனையானது கார்டு மாத்திரமல்ல, ‘வாய்ப்பு’ம்தான் என்பதைத் தீர்ப்பே சொல்லிவிட்டதே! வாய்ப்பைக் காசுக்கு விற்பதற்கு நம் ஊரில் என்ன பெயர்? 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை நிறுத்தினபோது, “சீட்டு வாங்கினவனுக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டதே” என்று எந்தத் தொழிலாளியின் மனைவியாவது ஒப்புக்கொண்டிருப்பாளா?

மூன்றாவதாக, “வேண்டிய கார்டைத் தனியாகக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே, யார் தடுத்தார்கள்?” என்கின்றார்கள். உண்மை. புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்கின்றான். ஆனால் அந்தத் தனிக் கார்டின் விலை எப்படி உயர்ந்தது? யாரோ நூறு பேர் பொட்டலம் பிரித்துத் தோற்ற தோல்வியின் விலைதான் அது. போதாததற்கு, 1995இல் பழைய கார்டுகளை மறுபடி அச்சிட்டதும் விலை விழுந்ததென்று சேகரிப்பவர்கள் கூச்சலிட்டார்கள். அதைக் கேட்டுக் கம்பெனி 1996இல் ஒரு ஜாபிதா வெளியிட்டு, அதிலுள்ள கார்டுகளை இனி அச்சிடுவதே இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஜாபிதாவில் உள்ள ‘பிளாக் லோட்டஸ்’ என்னும் கார்டு, முதல் பதிப்பில் ஏறக்குறைய 1,100தான் உண்டு. அதில் ஒன்று 2021இல் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அச்சடிக்கச் சில சென்ட் செலவாகும் காகிதம் அது. ஆடுகின்றவர்கள் லட்சக்கணக்காய்ப் பெருகியிருக்க, பூட்டி வைத்திருப்பவனின் விலை குறையக்கூடாதென்று அச்சு இயந்திரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

நான்காவதாகச் சொல்லுவது ஒன்றில் நியாயம் இருக்கின்றது. அதை மறைக்க நமக்கு விருப்பமில்லை. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பொட்டலம் பிரித்து, ஒவ்வொரு கார்டாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவனுக்குத் தள்ளி, கிடைத்ததைக் கொண்டு கட்டு அமைத்து ஆடுகின்ற முறை ஒன்று உண்டு. அதில் உள்ளே என்ன வருமென்று தெரியாததே விளையாட்டின் பாகம். அதற்குத் தெரியாத பொட்டலம் வேண்டியதுதான். ஆனால் இதற்கும் ஆட்டக்காரர்களே வழி கண்டுபிடித்திருக்கின்றார்கள். சில நூறு கார்டுகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் கலைத்துப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக்கொண்டு ஆடுகின்றார்கள். ‘கியூப்’ என்று அதற்குப் பெயர். ஒரு தரம் வாங்கினால் பல வருஷம் ஆடலாம். தெரியாமை விளையாட்டில் இருக்கட்டும், விலையில் எதற்கு?

வேறு வழி இல்லையா?

“பொட்டலத்தை மூடாமல் விற்றால் இந்த விளையாட்டே நிற்காது” என்பார்கள். இதற்குச் சரித்திரமே பதில் சொல்லுகின்றது. அதே கார்பீல்டு 1996இல் ‘நெட்ரன்னர்’ என்ற இன்னொரு விளையாட்டைச் செய்தார். அது மூடின பொட்டலத்தில் விற்கப்பட்டு, சில வருஷங்களில் நின்றுபோயிற்று. 2012இல் ‘பேன்டஸி பிளைட் கேம்ஸ்’ என்ற வேறொரு கம்பெனி அதே விளையாட்டைப் புதுப்பித்து, வேறு முறையில் விற்றது. ஒரு பொட்டலத்தில் 60 கார்டு, 20 விதம், ஒவ்வொன்றும் மூன்று. கட்டில் அதற்குமேல் வைக்கத் தேவையுமில்லை. விலை ஏறக்குறைய 15 டாலர். எவன் வாங்கினாலும் உள்ளே அதே 60 கார்டுதான். கைராசிக்காரனுக்கும் கைராசி இல்லாதவனுக்கும் ஒரே பொட்டலம். அது ஆறு வருஷம் நடந்தது. 2018இல் உரிமை ஒப்பந்தம் முடிந்து கம்பெனி நிறுத்தினபோதுகூட, ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஒரு சங்கம் அமைத்துப் புதுக் கார்டுகளை வெளியிட்டு, அச்சிட்டுக்கொள்ள இலவசமாகவும் கொடுத்து வருகின்றார்கள். ஆகவே, அதிர்ஷ்டத்தை எடுத்துவிட்டால் விளையாட்டுச் செத்துப்போகும் என்பது பொய்.

மூடின பொட்டலக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. 2019 கடைசியிலிருந்து ‘மேஜிக்’ கம்பெனியே, இன்ன இன்ன கார்டு என்று படம் போட்டுக் காட்டி, இன்ன விலை என்று சொல்லி, நேரே வாங்குகின்றவர்களுக்குச் சிறு சிறு தொகுதிகளாக விற்று வருகின்றது. தெரிந்த கார்டைத் தெரிந்த விலைக்கு விற்க அவர்களால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சில தேசத்து அரசாங்கங்களும் விழித்துக்கொண்டிருக்கின்றன. சில வகைப் படக் கார்டுகளை முழு வரிசையாகச் சேர்த்தால் பரிசு என்று ஆசை காட்டி விற்பது ஜப்பானில் முன்பே சட்டவிரோதம். 2012இல் டெலிபோன் விளையாட்டுக்களில் அதே தந்திரம் புகுந்தபோது, அதற்கும் இந்தச் சட்டமே செல்லும் என்று அறிவித்தார்கள். 2018இல் பெல்ஜியம் தேசத்தார், கம்ப்யூட்டர் விளையாட்டில் காசு கொடுத்துத் திறக்கின்ற மூடின பெட்டிகள் சூதாட்டமே என்றார்கள். 2023இல் சீன தேசத்தில், மூடின பெட்டி வியாபாரத்துக்கு விதி வகுத்து, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விற்கக்கூடாது, கிடைக்கின்ற வாய்ப்புக் கணக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். காகிதப் பொட்டலம் பழைய வழக்கம் என்பதனாலேயே பெரும்பாலான இடங்களில் தப்பித்துக்கொண்டு நிற்கின்றது. பழைமை ஒரு காரியத்துக்கு நியாயமாகி விடாது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

செய்ய வேண்டியது

கம்பெனிக்காரர்களிடம் நாம் கேட்பது மூன்றே. பொட்டலத்தின் மேலேயே, பெரிய எழுத்தில், “இந்த வரிசையின் குறிப்பிட்ட ஒரு மேல்படிக் கார்டு இத்தனை பொட்டலத்துக்கு ஒன்று” என்று அச்சிடுங்கள். பொட்டலத்தில் விற்கின்ற எந்தக் கார்டையும், சில மாதம் கழித்தாவது, தெரிந்த விலைக்குத் தனியாகக் கிடைக்கச் செய்யுங்கள். சிறு குழந்தைகளுக்கு மூடின பொட்டலத்தை விற்காதீர்கள். இவற்றால் விளையாட்டுக்கு யாதொரு குறைவும் வராது. குறையக்கூடியது அறியாமையின்மேல் வருகின்ற வரும்படி மாத்திரமே.

தாய் தகப்பன்மாருக்குச் சொல்லுவது வேறு. பிள்ளையை அடித்துப் பொட்டலத்தைப் பிடுங்கி அடுப்பில் போடாதீர்கள். அதனால் ஆசை போகாது, உங்கள்மேல் கோபம்தான் வளரும். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். ஒரு பக்கம், பொட்டலத்துக்குக் கொடுத்த காசு. எதிர்ப்பக்கம், உள்ளே வந்த கார்டுகளைக் கடையில் விற்றால் கிடைக்கக்கூடிய காசு. ஒவ்வொரு தரமும் அவனையே எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கத்தையும் அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கார்டு வந்த நாளை மனம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வராத நாட்களை மறந்துவிடும். நோட்டுப் புத்தகம் எதையும் மறப்பதில்லை. பெரியவர்கள் பத்துப் பேர் உபதேசம் செய்வதைவிடப் பிள்ளை தன் கையால் போட்ட கூட்டல் அதிகம் வேலை செய்யும்.

வாலிபத் தோழர்களே! ஆட ஆசையிருந்தால் ஆடுங்கள். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு, வேண்டிய கார்டைத் தனியாகப் பார்த்து வாங்கி, பொதுவில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். எதிராளியின் யோசனையை உங்கள் யோசனையால் ஜெயியுங்கள். அதில் பெருமை உண்டு. பொட்டலம் பிரிக்கின்ற கைக்கு மாத்திரம் எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. அந்தக் கைக்கு ராசி இருக்கின்றதென்று உங்களிடம் சொல்லுகின்றவன் எவனாயிருந்தாலும், அவன் பொட்டலம் விற்கின்றவனா, பிரித்துத் தோற்றவனா என்று முதலில் விசாரியுங்கள்.